மழை என்ற சொல்லின் மேல் சந்தனம்

இருபத்திரண்டு வருடமாக நான் புவியியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரு பக்கம் அயனச் சூறாவளி என்றும் மறுபக்கம் இடைவெப்பச் சூறாவளி என்றும் எழுதுவேன். ஒன்று சூடான கடலில் பிறப்பது. மற்றது சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் முட்டுகிற இடத்தில் பிறப்பது. ஒன்று கிழக்கிலிருந்து மேற்கே போகும், மற்றது மேற்கிலிருந்து கிழக்கே போகும். பிள்ளைகள் பார்த்து எழுதுவார்கள், சோதனையில் அப்படியே ஒப்புவிப்பார்கள், எனக்கும் அது போதுமென்றிருந்தது. அந்தப் பாடம் என் வீட்டுச் சுவரில் வந்து தொங்கும் என்றோ, அதில் நானே பிழை விடுவேன் என்றோ நான் நினைத்ததில்லை.

வந்து தொங்கியது ஒரு பாரமானி. காற்றின் அமுக்கத்தைக் காட்டுகிற கருவி. நோர்வேயின் மேற்குக் கரையில் மீன் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்யும் என் தம்பி, ஊருக்கு வந்த சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தான். அங்கே பழைய வீடுகளில் வாசலோடு இது ஒன்று தொங்குமாம். வேலைக்கு வெளிக்கிடுகிறவர்கள் அதை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்துப் போடுவார்களாம். சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டம், சுற்றிவர மரச்சட்டம். நடுவில் உள் எந்திரம் கறுப்பாகத் தெரியும். அதைச் சுற்றியுள்ள வெள்ளை வளையத்தில்தான் எண்களும், நோர்வே மொழியில் ஐந்து சொற்களும் இருந்தன. தம்பி ஒரு துண்டில் அவற்றைத் தமிழில் எழுதியிருந்தான்: புயல், மழை, மாறும், நல்ல வெயில், கடும் வறட்சி. முட்கள் இரண்டு. கறுப்பு முள்தான் அமுக்கத்தைக் காட்டும். பித்தளை முள் தானாக அசையாது. அதைத் திருகிக் கறுப்பு முள்ளின் மேல் வைத்துவிட்டால், அடுத்த முறை பார்க்கும்போது கறுப்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்று தெரியும்.

நெல் வயல் செய்கிற என் கணவர் அதைச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். மாட்டிய வருடத்திலேயே அவருக்கு அதன்மேல் இருந்த மதிப்புப் போய்விட்டது. முள் "மாறும்" என்ற சொல்லை விட்டு நகரவேயில்லை. ஆவணியில் வயல் வெடித்துக் கிடந்தபோதும் "மாறும்". ஐப்பசியில் முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றபோதும் "மாறும்". மழை ஓட்டில் கொட்டுகிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காத ஒரு பின்னேரம், அவர் அதற்கு முன்னால் போய் நின்று இரண்டு முறை தட்டிப் பார்த்தார்.

"உம்மட தம்பிக்கு ஆரோ பழுதான சாமானை வித்துப்போட்டாங்கள்," என்றார்.

பிறகு சில நாள் கவனித்துவிட்டு வேறொன்றைக் கண்டுபிடித்தார். "காலமை பத்து மணிக்கு ஒரு கோடு ஏறுது. பின்னேரம் நாலு மணிக்கு இறங்குது. ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி. இது மணிக்கூடு, ரீச்சர். நேரம் பாக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறான்."

என்னை ரீச்சர் என்று அவர் கூப்பிட்டால் பகிடிக்கு ஆயத்தமாகிறார் என்று அர்த்தம். ஆனால் அவர் கண்டது முழு உண்மை. சூரியன் சூடாக்குவதால் எங்கள் பக்கத்துக் காற்றின் அமுக்கம் நாளுக்கு இரண்டு முறை கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கும், கடலின் வற்றுப்பெருக்கு மாதிரி. மற்றபடி வருடம் முழுவதும் அது அநேகமாக ஒரே இடத்தில்தான் நிற்கும். எங்கள் மழை வருவதற்கு அமுக்கம் பெரிதாக விழத் தேவையில்லை. வெயிலில் எழும்புகிற ஈரக் காற்றும் வாடைக் காற்றும் போதும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன், மறந்தும் விட்டேன். ஒரு கமக்காரன் சுவரைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் திரும்ப ஞாபகம் வந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி தொலைபேசியில் எடுப்பான். முதலில் பாரமானிக் கதைதான். அவனுடைய முள் ஒரு கிழமைக்குள் "நல்ல வெயி"லிலிருந்து "புயல்" வரைக்கும் போய்த் திரும்பும். மார்கழி, தையில் ஒரு புயல் போக மற்றது வரிசையில் நிற்குமாம்.

"முதல்ல தெற்கால இளஞ்சூடாக் காத்து வரும், அக்கா. நாள் முழுக்கத் தூறல். பிறகு ஒரு அரை மணித்தியாலத்துக்குள்ள காத்துத் திரும்பி வடமேற்கால குளிர் அடிக்கும். அதோட வானம் வெளிச்சிடும். முள்ளும் ஏறும். அவ்வளவுதான், முடிஞ்சுது."

அவன் சொன்னதில்தான் கரும்பலகையின் மறுபக்கம் எனக்கு உயிரோடு தெரிந்தது. அவனுடைய புயலுக்குள் சூடும் குளிரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, அந்த இரண்டுக்கும் உள்ள பேதம்தான் அதற்குச் சாப்பாடு. அதனால் அது குளிர்காலத்தில் பெருக்கும், தரையிலும் நடக்கும், ஒரே நேரத்தில் நாலு நாட்டை மூடும். எங்களுடையது சின்னது. அதற்குள் எல்லாப் பக்கமும் ஒரே சூடான ஈரக் காற்றுத்தான், நடுவில் இன்னும் சூடு. வங்காள விரிகுடாவின் வெந்நீர்தான் அதற்குச் சாப்பாடு, தரைக்கு ஏறினால் பட்டினி. ஆனால் சாகிற அவசரத்தில் வைத்திருக்கிற தண்ணீர் முழுவதையும் எங்கள் தலையில் ஊற்றிவிட்டுத்தான் போகும்.

பாரமானி வந்து இரண்டாவது கார்த்திகையில் என் கணவர் கட்சி மாறினார். வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், எங்கள் வடபகுதிக்குக் கடும் மழை என்று வானொலி சொன்னது. அயலில் எல்லோரும் பசளை எறியாமல் நிறுத்தினார்கள். யூரியாவை வயலில் எறிந்தால் தண்ணீரை நாலைந்து நாள் கட்டி வைக்க வேண்டும். இடையில் பெருமழை வந்து வரம்பு மேவினால் பசளை முழுவதும் தண்ணீரோடு போய்விடும். இவர் போய்ச் சுவரைப் பார்த்தார். முள் வழக்கம்போல் பத்து மணிக்கு ஏறி, நாலு மணிக்கு இறங்கிக்கொண்டிருந்தது. எறிந்தார். தாழமுக்கம் எங்கேயோ வடக்கே போய்விட்டது, எங்களுக்குத் தூறல்கூட இல்லை. அந்த முறை எங்கள் பயிர் அயலை விட ஒரு கிழமை முந்திக் கரும்பச்சையாக நின்றது. அதன் பிறகு பாரமானியைக் கேட்காமல் அவர் நெல்லைக்கூட வெயிலில் காயப் போடுவதில்லை. மணிக்கூடு என்று பகிடி பண்ணின மனிசன், வாய்க்கால் கரையில் நின்று மற்றவர்களுக்கு அமுக்கம் பற்றிப் பிரசங்கம் வைக்கத் தொடங்கினார்.

அப்படியிருக்க, அடுத்த வருடச் சரஸ்வதி பூசை வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் உழைக்கிற சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் உண்டு. லான்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு மெசின், மண்வெட்டி, மருந்தடிக்கிற மெசின், என் புத்தகங்கள், மடிக்கணினி. வெளியில் உள்ளவற்றுக்கு அவர் வைப்பார், உள்ளே உள்ளவற்றுக்கு நான். பாரமானிக்கு முன்னால் வந்தபோது எங்கே வைப்பது என்று யோசித்தேன். மரத்தில் வைத்தால் கறை பிடிக்கும். கண்ணாடியில் வைத்தால் முள் மறையும். பிறகு எனக்கு மூளை வேலை செய்தது. மூன்று வருடமாக இந்த முள் "மழை" என்ற சொல்லின் பக்கம் தலை வைத்தும் படுத்ததில்லை. எங்கள் நாட்டில் அந்தச் சொல்லுக்கு வேலையில்லை. அந்த இடத்தில் பெருவிரலால் நல்ல தடிப்பாக ஒரு பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டேன். படிப்பித்த படிப்பு இதற்காவது உதவியதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. பூசையில் வைத்ததை நாங்கள் துடைப்பதில்லை, காய்ந்து தானாகக் கொட்ட வேண்டும். அது கொட்டவில்லை.

கார்த்திகைக் கடைசியில் திரும்பவும் தாழமுக்கச் செய்தி வந்தது. அந்தப் போகத்தில் பசளை கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. மூன்று ஏக்கருக்கு எங்களிடம் இருந்தது மூன்று மூட்டை யூரியா. அவை போனால் வேறில்லை. பயிர் மஞ்சள் பூத்துக்கொண்டு வந்தது, பிந்தவும் முடியாது. எறிவதா விடுவதா என்று அவர் இரண்டு நாளாகச் சாப்பாட்டில்கூட மனமில்லாமல் திரிந்தார். அந்த முறை விளைச்சல் விழுந்தால் வீட்டுச் சாப்பாட்டு நெல்லுக்கே திண்டாட்டம் என்று எனக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு நான் வழக்கம்போல் பித்தளை முள்ளைத் திருகிக் கறுப்பு முள்ளின் மேல் வைத்தேன். அது "மாறும்" என்ற சொல்லில் அமைதியாக நின்றது.

சனிக்கிழமை காலை அவர் எழும்பி, மூக்குக்கண்ணாடி போடாமல் பாரமானிக்கு முன்னால் நின்றார். காற்று இல்லை. வானம் சாம்பலாக இருந்தது, எங்கள் கார்த்திகையில் அது புதினமில்லை.

"அசையேல்லை," என்றார். "நேற்று நிண்ட இடத்திலதான் நிக்குது. நான் போய் எறிஞ்சுபோட்டு வாறன்."

குசினிக்குள் நின்ற நான் "ஓம், போட்டு வாங்கோ" என்றேன். லான்மாஸ்டரில் மூன்று மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு மேல் கதிரையை விட்டு எழும்பி முதுகை நிமிர்த்தியபோது கண் சுவருக்குப் போனது. முள் நேற்று நின்ற அதே இடத்தில் நின்றது. அச்சொட்டாக அதே இடத்தில். அதுதான் எனக்கு இடித்தது. பத்து மணிக்கு ஏறாமல் இந்த முள் ஒரு நாளும் இருந்ததில்லையே. கிட்டப் போனேன். வெள்ளை வளையத்தில் தெரிந்தது பித்தளை முள் மட்டும்தான். கறுப்பு முள்ளைக் காணவில்லை.

எங்கள் வீட்டில் அந்த இரண்டு முள்ளும் எப்போதும் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் நிற்கும், விலகினாலும் ஒரு கோடு, ஒன்றரைக் கோடு. தம்பியின் வீட்டில் என்றால் அவை ஒவ்வொரு நாளும் சண்டை பிடித்தவர்கள் மாதிரி எதிரெதிராக நிற்கும், ஒன்றை மற்றதென்று ஆரும் மாறிப் பார்க்க முடியாது. இவர் மூன்று வருடமாக இரண்டையும் ஒரே முள்ளாகத்தான் பார்த்து வந்திருக்கிறார். நான் கண்ணாடியில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினேன். அதற்குக் கீழே, நோர்வேக்காரர் "மழை" என்று எழுதிய இடத்தில், கறுப்பு முள்ளின் நுனி நின்றது. மிச்ச முள் நடுவில் இருந்த கறுப்பு எந்திரத்தோடு ஒன்றாகிக் கண்ணுக்குப் படவில்லை.

நான் அவருக்கு எடுத்தேன். அவருடைய கைபேசி அலுமாரிக்கு மேல் மின்னேற்றியில் கிடந்து பாடியது.

சைக்கிளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையால் ஓடினேன். உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து வயல் ஒன்றரைக் கட்டை, அதாவது ஒன்றரை மைல் தூரம். வீட்டுச் சட்டையோடு ரீச்சர் சைக்கிள் ஓடுகிறா என்று பார்த்தவர்களுக்கு அன்றைக்கு நல்ல புதினம். வடக்கிலிருந்து காற்று மெல்ல எழும்பத் தொடங்கியிருந்தது. போய்ச் சேரும்போது அவர் மேல் வயலை எறிந்து முடித்து, இரண்டாவது மூட்டையின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, எறியாதேங்கோ," என்றேன். மூச்சு வாங்கியது. "நீங்கள் பாத்தது பித்தளை முள்ளு. கறுப்பு விழுந்துபோய்க் கிடக்கு. சந்தனம் மறைச்சுப் போட்டுது."

அவர் வாளியைக் கீழே வைத்தார். எறிந்து முடித்த வயலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், சைக்கிள் கைபிடியில் இருந்த என் கையைப் பார்த்தார். அது ஆர் வைத்த சந்தனம் என்று நான் சொல்லவில்லை.

"நான்தான் அண்டைக்குக் கொஞ்சம் கூட அள்ளி வைச்சிட்டன் போல," என்றார் அவர்.

அந்த இடத்தில் நான் "இல்லை, நான்தான்" என்று சொல்லியிருக்க வேண்டும். வெளியில் உள்ள எல்லாவற்றுக்கும் அவர்தானே சந்தனம் வைப்பார், இதற்கும் தான் வைத்ததாக நினைக்கிறார், நினைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டேன். மூட்டைகளைத் திரும்ப ஏற்றினோம். பகல் ஒரு மணிக்கு மழை பிடித்தது.

அன்று பின்னேரம் நாங்கள் இருவரும் பாரமானிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தோம். மின்சாரம் போய்விட்டது, வேறு வேலையும் இல்லை. புயலின் நடு எங்களுக்குக் கிழக்கே கடலோடு போய்க்கொண்டிருந்ததால் காற்று முதலில் வடக்கால் அடித்தது, பிறகு திரும்பி மேற்கால் அடித்தது. அவர் அடிக்கொரு தடவை தட்டுவார், முள் ஒரு மயிரிழை கீழே போகும். பயமாக இருந்தது, ஆனால் பொய் சொல்லக் கூடாது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதிய ஒன்று என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. பால் விடாத பிளேன்ரீயும் பனங்கட்டியும் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தோம்.

மறுநாள் காலை முள் திரும்ப "மாறும்" என்ற சொல்லுக்கு வந்துவிட்டது. தம்பியின் நாட்டில் என்றால் அதோடு கதை முடிந்தது. எங்களுக்கு அப்போதுதான் தண்ணீர் வந்தது. குளம் நிரம்பி வான் கதவால் பாய்ந்து, வாய்க்கால் முட்டி, மூன்று நாள் வயல்கள் தண்ணீருக்குள் தாண்டு கிடந்தன. பயிர் இளசு, தாக்குப் பிடித்தது. எங்கள் பக்கம் ஆருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவர் மிச்ச இரண்டு மூட்டையையும் மூன்று ஏக்கருக்கும் பரவி எறிந்தார்.

முதலில் எறிந்த மூட்டை எங்கே போனது என்று இரண்டு கிழமையில் எல்லோருக்கும் தெரிந்தது. எங்கள் மேல் வயலுக்குக் கீழே மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பெண் ஒருத்தியின் வயல். எங்களுடையது வெளிறி நிற்க, அவளுடையது கறுப்புப் பச்சையாகத் தழைத்து நின்றது. வரம்பில் நின்று அயல் முழுவதும் சிரித்தது. என் கணவர்தான் எல்லோருக்கும் கதை சொன்னார். "நான் சந்தனத்தை அப்பி வைச்சு, முள்ளை மூடிப்போட்டு, பித்தளையைப் பாத்து எறிஞ்சனான்." தேத்தண்ணிக் கடையில் சொன்னார், கமக்காரர் கூட்டத்தில் சொன்னார். ஒவ்வொரு முறையும் அவருடைய பொட்டு பெருத்துக்கொண்டே போனது. நான் பக்கத்தில் நின்று மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடிந்த பிறகு எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தம்பிக்கும் அவரே சொன்னார். முள் எவ்வளவுக்குப் போனது என்று தம்பி கேட்டான். ஆயிரத்துக்கு இரண்டு குறைவு, தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு மில்லிபார் என்றேன்.

"அது இஞ்ச நல்ல நாள், அக்கா," என்று அவன் சிரித்தான். "அந்த அமுக்கத்தில நாங்கள் உடுப்பு வெளியில காயப் போடுவம். இதுக்கோ அவ்வளவு வெள்ளம்?"

அதுதான் என் பாடத்தின் சாரம். அவனுக்கு உடுப்புக் காயப் போடுகிற முள், எங்களுக்கு ஊரை முக்குகிற முள். எங்கே விழுந்தது என்பது பெரிதில்லை, வழக்கமாக நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு விலகியது என்பதுதான் பெரிது. இதை நான் ஒரு வருடமும் கரும்பலகையில் எழுதியதில்லை.

அறுவடை பிழையில்லை. மேல் வயல்தான் கொஞ்சம் பின்தங்கியது, ஆனால் வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் இருந்தது, விற்கவும் இருந்தது. பொங்கலுக்கு முதல் நாள் கீழ் வயல்காரி ஒரு பை பச்சையரிசியோடு வந்தாள். அவள் முந்தி வெட்டிவிட்டாள்.

"ரீச்சரம்மா, இது ஒங்க ஒரத்துல வெளைஞ்சது. மொத பொங்கல் ஒங்க வீட்டுலதான் பொங்கணும்," என்றாள். "ஐயா அடுத்த வருசமும் நல்லா சந்தனம் வைக்கட்டும்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அரிசியை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டேன்.

இந்த வருடச் சரஸ்வதி பூசை போன மாதம் வந்தது. அவர் வெளியில் லான்மாஸ்டருக்கு, மண்வெட்டிக்கு எல்லாம் வைத்து முடித்து, சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். நான் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பாரமானிக்கு முன்னால் நின்று கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார்.

"இது உம்மட பகுதி. போன முறை வைச்ச இடத்தில மட்டும் வைக்காதையும்."

எனக்கு முகம் சுட்டது. "உங்களுக்குத் தெரியுமோ?"

"நான் மோதிர விரலால தொட்டு வைக்கிறனான். அதில இருந்தது பெருவிரல் அடையாளம். அண்டைக்கு வயலுக்கு வரேக்க உம்மட நகத்துக்குள்ளயும் சந்தனம் கிடந்தது."

"அப்ப ஏன் ஊர் முழுக்க உங்களில பழியைப் போட்டுக்கொண்டு திரிஞ்சனீங்கள்?"

அவர் பித்தளை முள்ளைத் திருகிக் கறுப்பு முள்ளின் மேல் சரியாக வைத்தார். "நீர் திங்கக்கிழமை போய் பிள்ளையளுக்கு முன்னால நிண்டு இந்தப் பாடத்தைத்தானே படிப்பிக்க வேணும்," என்றார். "நான் நெல்லு விதைக்கிறவன். என்னைப் பாத்துச் சிரிச்சா நெல்லு முளைக்காமலே விடப்போகுது?"

சந்தனத்தை மரச்சட்டத்தில் வைத்தேன். கறை பிடித்தால் பிடிக்கட்டும். கண் கலங்கியதை அவர் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றார்.

திங்கட்கிழமை பத்தாம் வகுப்பில் கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் அயனச் சூறாவளி, மறுபக்கம் இடைவெப்பச் சூறாவளி. அதற்குக் கீழே ஒன்றும் எழுதாமல் சோக்கை வைத்துவிட்டு, சந்தனம் வைத்தது நான் என்று தொடங்கினேன்.